வெளியூரிலிருந்து வேலை செய்ய ஆள் எடுப்பது: மாட்டிக்கொண்டால் வாய் திறப்பவரா என்று பாருங்கள்

கேள்வி இதுதான்: கோயம்புத்தூரில் 12 பேரை வைத்து, ஜவுளிக் கடைகளுக்குப் பில்லிங் சாப்ட்வேர் செய்து கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனம். ஆபீஸில் இடமும் இல்லை, கொடுக்கும் சம்பளத்துக்கு உள்ளூரில் ஆளும் கிடைக்கவில்லை. திருநெல்வேலி, தேனி, பட்டுக்கோட்டை பக்கம் இருப்பவர்களை அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்ய ஐந்து பேர் எடுக்கலாமா, எப்படி எடுப்பது, எடுத்த பிறகு வேலை நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது, கண்காணிக்க ஏதாவது சாப்ட்வேர் வாங்க வேண்டுமா?

தாராளமாக எடுக்கலாம். கண்காணிப்பு சாப்ட்வேர் வேண்டாம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலாளிகள் எல்லோருக்கும் இருக்கும் பயம் ஒன்றுதான், வீட்டில் உட்கார்ந்திருப்பவர் வேலை செய்யாமல் ஏமாற்றிவிடுவார் என்பது. ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வேலை வந்து சேராததால் அவர்கள் ஒன்றிரண்டு மாதத்தில் வெளியே தெரிந்துவிடுவார்கள். பல வருடமாக வெளியூர் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறேன்; நேரமும் பணமும் அதிகம் போவது வேறு மாதிரி ஆளிடம். நேர்மையானவர், கெட்டிக்காரர், காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் இருட்டும் வரை எழுந்திருக்க மாட்டார், ஆனால் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால் மட்டும் வாயே திறக்க மாட்டார்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து எங்களுக்கு வேலை செய்த ஒரு பையன். ஒரு திங்கட்கிழமை டெஸ்ட் டேட்டாபேஸின் பாஸ்வேர்டை ஒருவர் மாற்றினார், அவனுக்குச் சொல்ல விட்டுப்போய்விட்டது. அவன் லாகின் செய்து பார்க்கிறான், ஆகவில்லை. தான்தான் ஏதோ தப்பாகச் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு புதன்கிழமை வரை புரோகிராம் கோடைப் படித்துக்கொண்டே இருந்திருக்கிறான். தினமும் சாயங்காலம் ‘வொர்க் இன் ப்ராக்ரஸ் சார்’ என்று மட்டும் மெசேஜ் வரும். வியாழக்கிழமை போன் போட்டுக் கேட்ட பிறகுதான் விஷயமே வந்தது. “உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு பாத்தேன் சார்.”

இதே பையன் ஆபீஸில் இருந்திருந்தால் பக்கத்து சீட்டுக்காரர் அவன் முகத்தைப் பார்த்தே “என்னப்பா, என்ன ஆச்சு?” என்று கேட்டு இரண்டு நிமிடத்தில் சரி செய்திருப்பார். முகத்தைப் பார்த்துக் கேட்பது என்ற இந்த ஒரு வேலையைத்தான் ஆபீஸ் இதுவரை உங்களுக்குச் சம்பளமில்லாமல் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. வெளியூர் ஆள் வந்தால் அது நின்றுவிடும். அதிலும் நம் ஊர்ப் பிள்ளைகள் வகுப்பில் எழுந்து டவுட் கேட்டால் திட்டு விழும் என்று பழகி வந்தவர்கள், ‘தெரியவில்லை’ என்று சொல்வதையே அவமானமாக நினைப்பவர்கள். ஆகவே ஆள் எடுக்கும்போதும் சரி, எடுத்த பிறகும் சரி, இவர் மாட்டிக்கொண்டால் சொல்வாரா, சொல்ல நாம் வழி வைத்திருக்கிறோமா என்று இரண்டை மட்டும் விடாமல் பாருங்கள்.

இன்டர்வியூவில் இதைக் கண்டுபிடிக்க முடியாது. “டவுட் வந்தா கேப்பீங்களா?” என்றால் எல்லோரும் “கண்டிப்பா சார்” என்பார்கள். ஒரு சின்ன வேலையைக் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. நிஜ வேலை, ஒரு நாளில் முடிகிற மாதிரி, அதற்குக் காசும் கொடுத்துவிடுங்கள். வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் உலகம் முழுக்க ஆபீஸே இல்லாமல் ஆள் எடுப்பதற்குப் பெயர் போனது. இன்டர்வியூவை எழுத்துச் சாட்டிலேயே நடத்தி, பிறகு சம்பளத்துடன் சோதனை வேலை கொடுத்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அதில் நான் ஒன்று சேர்த்துக்கொள்வேன்: கொடுக்கும் வேலையில் வேண்டுமென்றே ஒரு ஓட்டை விட்டுவிடுங்கள்.

உங்கள் தொழிலிலேயே சொல்கிறேன். பில்லில் பொருளின் விலை 1,234.50 ரூபாய், கணக்குக்காக ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாகக் கணக்குப் போட்டால் வரி 222.21. மத்திய வரி 9, மாநில வரி 9 என்று பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் 111.105, இரண்டையும் தனித்தனியாக ரவுண்ட் பண்ணினால் 111.11 வீதம் 222.22. ஒரு பைசா இடிக்கிறது. ‘பில் அச்சடிக்கும் பகுதியை எழுதிக் கொடுங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள், ரவுண்டிங் எங்கே செய்ய வேண்டும் என்று சொல்லாதீர்கள். ஒருவர் இதைக் கவனிக்காமலே முடித்துக் கொடுப்பார். இன்னொருவர் கவனித்து, தானாக ஒரு முடிவெடுத்து, உங்களிடம் சொல்லாமல் விட்டுவிடுவார். மூன்றாமவர், ‘பிரித்துப் போட்டால் ஒரு பைசா கூடுகிறது, உங்கள் பழைய பில்களில் எப்படிப் போடுகிறீர்கள்? பதில் வரும் வரை தனித்தனியாக ரவுண்ட் செய்து வைக்கிறேன், மாற்றக் கோடில் ஒரே ஒரு லைன்தான்’ என்று எழுதுவார். அவர் எழுதிய கோடு மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் அவரை எடுங்கள். கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்காகக் கை கட்டி உட்காராமல் மேலே நகர்ந்தார் பாருங்கள், வெளியூர் ஆளிடம் வேண்டியதே அதுதான்.

ஆங்கிலம் நன்றாக வருகிறதா என்று பார்த்து ஆள் எடுப்பதை விட்டுவிடுங்கள். கிளையன்ட்டோடு பேசுகிற வேலை என்றால் சரி. மற்றபடி தமிழிலோ தங்கிலீஷிலோ நாலு வரி தெளிவாக எழுதத் தெரிந்தால் போதும். நுனிநாக்கில் ஆங்கிலம் பேசி, ‘இஷ்யூ இஸ் தேர் சார், செக்கிங்’ என்று எழுதுகிறவரைவிட, ‘சேலம் கடைக்கு மட்டும் பில் நம்பர் திரும்பத் திரும்ப வருகிறது, மற்ற கடைகளுக்கு வரவில்லை’ என்று தமிழில் எழுதுகிறவர் எவ்வளவோ மேல்.

அப்புறம் ஆள்மாறாட்டம். வீடியோ இன்டர்வியூவில் வாயசைப்பது ஒருவர், பின்னாலிருந்து பதில் சொல்வது இன்னொருவர் என்பதெல்லாம் நம் நாட்டில் பழைய கதையாகிவிட்டது. முகத்தையே போலியாக உருவாக்கி இன்டர்வியூவுக்கு வருகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2022-லேயே எச்சரித்தது. 2024-ல் நோபிஃபோர் என்ற நிறுவனம், அதுவும் சைபர் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிற நிறுவனம், ஒரு வட கொரிய ஆளைத் தெரியாமல் வேலைக்கு எடுத்துவிட்டு அதைத் தானே வெளியில் சொன்னது. உங்கள் அளவுக்கு இரண்டு காரியம் போதும். சோதனை வேலையை முடித்து அனுப்பியவரை வீடியோவில் கூப்பிட்டு, ஸ்கிரீனைப் பகிரச் சொல்லி, ‘இந்த இடத்தை இப்படி மாற்றிக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். தானே எழுதியதென்றால் தயங்கித் தயங்கியாவது மாற்றிவிடுவார். சேரும் நாளில் நேரில் வரச் சொல்லுங்கள், பஸ் செலவு உங்களுடையது. திருநெல்வேலியிலிருந்து கோவை ஒரு ராத்திரிப் பயணம்தானே. வந்தவர் ஒரு வாரம் ஆபீஸில் தங்கி எல்லோரோடும் டீ குடித்துவிட்டுப் போகட்டும். டீ குடித்துப் பழகியவரிடம் கேள்வி கேட்பது மிகவும் சுலபம்.

வீட்டைப் பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்தால் உற்பத்தி கூடுமா என்ற விவாதத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது சீனாவின் சிட்ரிப் என்ற பயண முன்பதிவு நிறுவனத்தில் 2010-11-ல் ஒன்பது மாதம் நடந்த சோதனையை. ஷாங்காய் கால் சென்டரில் விருப்பம் தெரிவித்தவர்களில் பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், மற்றவர்கள் ஆபீஸிலேயே இருந்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். இதைச் சொல்கிறவர்கள் மீதியைச் சொல்வதில்லை. அந்தச் சோதனையில் சேரவே குறைந்தது ஆறு மாதம் அங்கே வேலை பார்த்திருக்க வேண்டும், வீட்டில் பிராட்பேண்டும் தனி அறையும் இருக்க வேண்டும், வாரத்தில் ஒரு நாள் ஆபீஸுக்கும் வர வேண்டும். அப்படியும் சோதனை முடிந்ததும் வீட்டிலிருந்தவர்களில் பாதிப்பேர், தனியாக இருக்கப் பிடிக்காமல், ஆபீஸுக்கே திரும்பிவிட்டார்கள்.

தனி அறை என்பது நம் ஊரில் பெரிய விஷயம். ஹாலில் டிவி ஓடும், அத்தை வருவார், சித்தப்பா வருவார், “வீட்லதானே இருக்க, அப்படியே ரேஷன் கடைக்குப் போயிட்டு வந்துரு” என்று அம்மா சொல்வார். பெண்களுக்கு இது இரண்டு மடங்கு. கதவு சாத்திக்கொள்ள ஒரு அறை இருக்கிறதா, வீட்டில் இருப்பவர்களுக்கு இது நிஜ வேலைதான் என்று புரிந்திருக்கிறதா என்று கேளுங்கள். அறை இல்லையென்றால் உடனே வேண்டாம் என்று ஒதுக்காதீர்கள். ஒரே ஊரில் இரண்டு மூன்று பேர் கிடைத்தால் ஒரு கடை மாடியில் அறை எடுத்துக் கொடுத்துவிடலாம், சின்ன ஊரில் அந்த வாடகை ஒன்றும் பெரிதில்லை. சோஹோ 2011-ல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஆபீஸ் திறந்தபோது செய்ததும் ஏறக்குறைய இதுதான். ஆட்களைச் சென்னைக்கு இழுக்காமல் வேலையை அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது.

மேஜை, நல்ல நாற்காலி, ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ், இவையெல்லாம் உங்கள் செலவு. லேப்டாப்புக்குள் பேட்டரி இருக்கும், ரவுட்டருக்குத்தான் இருக்காது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரன்ட் நிறுத்தும் தேதியை மின்வாரியம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அன்றைக்கு என்ன செய்வது என்பதைச் சேரும்போதே பேசி வைத்துவிட்டால், கரன்ட் போன பிறகு போன் போட்டுப் புலம்ப வேண்டியதில்லை.

குழந்தை பிறந்ததால் வேலையை விட்ட பெண்களைத் தேடிப் போங்கள் என்றும் சொல்வேன். சென்னையிலும் பெங்களூரிலும் ஆறேழு வருடம் வேலை பார்த்துவிட்டுக் கல்யாணமாகிக் காரைக்குடியிலோ கும்பகோணத்திலோ இருப்பவர்கள், ஆபீஸ் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்கள், கேட்கவும் தயங்க மாட்டார்கள். மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கிய 2017 சட்டத் திருத்தத்திலேயே, வேலையின் தன்மை இடம் கொடுத்தால் விடுப்பு முடிந்து வீட்டிலிருந்து வேலை செய்ய இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்று வந்துவிட்டது. பெரிய கம்பெனிகள் அதைக் கண்டுகொள்ளாததால் நல்ல ஆட்கள் வீட்டில் இருக்கிறார்கள், உங்களுக்கு லாபம்.

சரி, சேர்ந்துவிட்டார்கள். அடுத்து தினசரி வேலை. காலையும் மாலையும் வீடியோ மீட்டிங் வைத்து எல்லோர் முகத்தையும் பார்ப்பது வீண். தினமும் ஒரு குறிப்பு, எழுத்தில், பொதுச் சேனலில், அதாவது எல்லோரும் பார்க்கும் குழுச் சாட்டில். நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன செய்யப் போகிறேன், எது இடிக்கிறது. மூன்றாவது வரிதான் முக்கியம், அது காலியாக இருக்கக்கூடாது என்று விதியே வைத்துவிடுங்கள். ‘ஒன்றுமில்லை’ என்று தொடர்ந்து நாலு நாள் ஒருவர் எழுதினால் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள், நிச்சயம் ஏதோ இருக்கும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் சேனலில் போட்டுவிட வேண்டும் என்ற இன்னொரு விதி, புதிதாக வருகிறவர்களுக்கு அவ்வளவு நிம்மதி. கேட்டால் தப்பு என்ற பயம் போய், கேட்காவிட்டால்தான் தப்பு என்று ஆகிவிடுகிறது. அதே சேனலில் முதலாளியான நீங்களும் ‘இது எனக்குப் புரியவில்லை, யாராவது விளக்குங்கள்’ என்று அவ்வப்போது எழுத வேண்டும். நீங்கள் கேட்காத வரை அவர்கள் கேட்க மாட்டார்கள், எத்தனை விதி போட்டாலும்.

வாரம் ஒருமுறை ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் போனில் பேசுங்கள். வீடியோ வேண்டாம், நடந்துகொண்டே பேசினால் ஆட்கள் மனம் விட்டுப் பேசுகிறார்கள். “எப்படிப் போகுது?” என்று ஆரம்பித்தால் “நல்லாப் போகுது சார்” என்பதோடு முடிந்துவிடும். “இந்த வாரம் எந்த வேலை நீங்க நினைச்சதைவிட ரொம்ப நேரம் இழுத்துச்சு?” என்று கேட்டுப் பாருங்கள், வேறு கதை வரும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது வெளியூரில் இருக்கும் அந்த ஐந்து பேர் இல்லை, ஆபீஸில் இருக்கும் 12 பேர்தான். எல்லோரும் வெளியே இருக்கும் கிட்லேப் என்ற சாப்ட்வேர் கம்பெனி மாதிரி இடத்தில் எல்லாமே எழுத்தில்தான் இருக்கும். வேலை நடக்கும் முறை முழுவதையும் ஒரு கையேடாக எழுதி இணையத்தில் யாரும் படிக்கும்படி திறந்தே வைத்திருக்கிறார்கள். பாதி உள்ளே பாதி வெளியே என்றால் சிக்கல் வேறு. நாலு மணிக்கு டீக்கடையில் நின்று மூன்று பேர் பேசி ஒரு டிசைனை மாற்றிவிடுவார்கள், தேனியில் இருப்பவர் பழைய டிசைனிலேயே இரண்டு நாள் வேலை செய்துகொண்டிருப்பார். டீக்கடையில் பேசுவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. திரும்பி வந்து நாற்காலியில் உட்காருவதற்கு முன் பேசியதைச் சேனலில் எழுதிவிட வேண்டும், எழுதாதது முடிவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டிங்கில் ஒருவர் வெளியிலிருந்து வருகிறார் என்றால், ஆபீஸில் இருப்பவர்களும் அவரவர் இடத்திலிருந்தே ஹெட்செட் போட்டு வரட்டும். ஆறு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்க, ஏழாமவர் ஸ்பீக்கரில் “ஹலோ, கேக்குதா?” என்று கத்திக்கொண்டிருப்பதைப் போல வெறுப்பேற்றும் விஷயம் வேறில்லை.

சம்பள உயர்வும் அப்படித்தான். சிட்ரிப் சோதனையிலேயே, ஒரே அளவு வேலை செய்தும் வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகக் கிடைத்தது. கண்ணில் படாதவர் நினைவுக்கு வருவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை உயர்வு போடும்போது பெயர்ப் பட்டியலை எடுத்து, வெளியூர்க்காரர்களை முதலில் பாருங்கள்.

இப்போது கண்காணிப்பு சாப்ட்வேர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கிரீனைப் படம் பிடிப்பது, மவுஸ் அசைகிறதா என்று பார்ப்பது. இதை வைத்தால் மவுஸ் அசையும், அவ்வளவுதான். அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2024-ல் ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு நீக்கியது, கீபோர்டில் வேலை நடப்பது போலப் போலியாகக் காட்டினார்கள் என்று. அதற்கென்றே கருவிகள் ஆன்லைனில் மலிவாக விற்கிறார்கள். தவிர, சங்கரன்கோவில் பையனின் அந்த மூன்று நாட்களை இந்தச் சாப்ட்வேர் எப்படிக் காட்டியிருக்கும் என்று யோசியுங்கள்: நாள் முழுக்கக் கோடு திறந்திருக்கிறது, ஸ்க்ரோல் ஆகிறது, அருமையான ஊழியர். தன்னை உளவு பார்க்கிறார்கள் என்று தெரிந்தவர் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சேனலில் எழுதவே மாட்டார், அது தனக்கு எதிரான சாட்சி என்று நினைப்பார். காசு கொடுத்து நீங்களே உங்கள் வழியை அடைத்துக்கொள்கிறீர்கள்.

இரண்டு இடத்தில் வேலை பார்ப்பார்களோ என்ற சந்தேகம் நியாயமானதுதான். விப்ரோ 2022-ல் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்தார்கள் என்று 300 பேரை நீக்கியது. வேலை ஒப்பந்தத்தில் எது கூடும் எது கூடாது என்று தெளிவாக எழுதிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை டியூஷன் எடுப்பதையும், பக்கத்துத் தெருக் கடைக்கு வெப்சைட் செய்து கொடுப்பதையும் தடுத்து என்ன கிடைக்கப் போகிறது? போட்டிக் கம்பெனிக்கு வேலை செய்வது, உங்கள் நேரத்தில் இன்னொரு முழுநேர வேலை பார்ப்பது, இரண்டும் கூடாது என்றால் போதும்.

பணம், சட்டம் பற்றிக் கொஞ்சம். ஊரில் இருப்பவர் என்பதற்காகச் சம்பளத்தில் பெரிதாகக் குறைக்காதீர்கள். உங்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் பெங்களூர் கம்பெனிக்கும் வீட்டிலிருந்தே வேலை செய்ய முடியும். ஆறு மாதம் கற்றுக்கொடுத்து அனுப்பிவைப்பது மிச்சப்படுத்தியதைவிட அதிகச் செலவு. ‘கன்சல்டன்ட்’ என்று எழுதி 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கொடுத்துவிட்டால் பிஎஃப் தொல்லை இல்லை என்று சிலர் யோசனை சொல்வார்கள். நேரம், விடுப்பு, வேலை எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்துகொண்டு பெயரை மட்டும் மாற்றினால், நாளைக்கு வழக்கு என்று வந்தால் அது நிற்பது கஷ்டம். வீட்டிலிருந்து வேலை செய்கிறவரும் உங்கள் ஊழியர்தான், தலைக்கணக்கில் வருவார். 12 பேரோடு ஐந்து சேர்ந்தால் 17, இன்னும் மூன்று பேர் வந்தால் 20, பிஎஃப் கட்டாயம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இஎஸ்ஐ விஷயம் 10 பேரிலேயே வந்துவிடும், இன்னும் பதிவு செய்யாமலிருந்தால் முதலில் ஆடிட்டரைப் பாருங்கள்.

ஒத்து வராதவரை மூன்று மாதத்துக்குள் சொல்லி அனுப்பிவிடுங்கள். அதற்கு முன் ஒருமுறையாவது ‘குறிப்பில் மூன்றாவது வரி வருவதே இல்லை, இப்படியே போனால் சரிப்படாது’ என்று நேரடியாகச் சொல்லியிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் நீக்காதீர்கள், போன் போட்டுப் பேசுங்கள். லேப்டாப்பைக் கூரியரில் அனுப்பச் செலவு உங்களுடையது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தால் அது திரும்பி வரும்.

கடைசியாக, ஐந்து பேரையும் ஒரே மாதத்தில் எடுக்காதீர்கள். இப்போது இருக்கும் 12 பேரில் நன்றாக வேலை தெரிந்த ஒருவரை, வெளியூரைச் சொந்த ஊராகக் கொண்டவராகப் பார்த்து, ஒரு மாதம் அங்கிருந்து வேலை செய்யச் சொல்லுங்கள். அவர் எதற்கெல்லாம் ஆபீஸுக்குப் போன் போடுகிறார் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: எந்த ஃபைல் யாருடைய கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிறது, எந்த ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது, எந்தக் கடைக்காரரின் விசேஷக் கணக்கு யார் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அந்த நோட்டில் உள்ளதைச் சரி செய்து முடித்த பிறகு வெளியிலிருந்து முதலில் இரண்டு பேரை எடுங்கள், மீதி மூன்று பேரை தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஆட்கள் வேலை மாறும் சமயத்தில் பார்த்துக்கொள்ளலாம்.